கீழச்சேரி ஞானம்மா: இல்லறத்தில் விளைந்த தொண்டு

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்தொடர் வண்டியில் நாள்தோறும் பயணம் செய்யும் நம் பங்கு மக்களுக்குப் பரங்கிமலை என்னும் பெயர் மிகவும் பழகிப்போன ஒன்று. பழகிப்போனதாலேயே அதன் பொருளை எவரும் நின்று எண்ணுவதில்லை. ஐரோப்பியரைக் குறிக்க அரபு, பாரசீக மொழிகளின் வழியாக நம் நாட்டுக்கு வந்து சேர்ந்த ‘ஃபரங்கி’ என்ற சொல்லே தமிழில் ‘பரங்கி’ ஆயிற்று. போர்த்துகீசியர் வந்து குடியேறிய காலத்தில் புனித தோமையாரின் மலைக்கு ஊர்மக்கள் இட்ட பெயர் அது. அந்தப் பெயரில் சற்று ஏளனமும் கலந்திருந்தது என்பதை மதுரையில் 1606 முதல் மறைப்பணி ஆற்றிய தத்துவ போதகர் நன்கு அறிந்திருந்தார். தாம் பரங்கி அல்லர் என்று மக்களுக்கு உணர்த்த அவர் பட்ட பாடு கொஞ்சமன்று.

இதே சொல்லைத் தாங்கிய மற்றோர் ஊர் ஆந்திர நாட்டில் உண்டு. குண்டூர் நகருக்கு மேற்கே, கொண்டவீட்டு மலைக்கோட்டைக்கு அண்மையில் உள்ள பிரங்கிபுரம் என்னும் ஊர் அது. அங்கே பிறந்து, நம் சென்னைக்கு மேற்கே உள்ள கீழச்சேரியில் மறைந்த ஒரு தாயைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். அவர் பெயர் ஞானம்மா. சென்னை, பிரங்கிபுரம் ஆகிய இரு இடங்களிலும் வேரூன்றிய புனித அன்னாள் சபைகள் அவரைத் தங்கள் அன்னையாகப் போற்றுகின்றன. 2014ஆம் ஆண்டு அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான முயற்சி சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தில் முறைப்படி தொடங்கப்பெற்றது முதல் ‘இறை ஊழியர்’ என்று அழைக்கப்படுகிறார்.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளில் வாழும் நமக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். 2002ஆம் ஆண்டு செங்கற்பட்டு மறைமாவட்டம் தோன்றும் வரையில் நாமும் கீழச்சேரி மக்களும் ஒரே உயர்மறைமாவட்டத்தின் பிள்ளைகளாகவே இருந்தோம் என்பது ஒன்று. மற்றொன்று இதைவிட நெருக்கமானது. ஞானம்மா கன்னிமாடத்தில் வளர்ந்தவர் அல்லர். மணமுடித்தவர், ஐந்து மகன்களைப் பெற்று வளர்த்தவர், கணவரைப் பறிகொடுத்தவர். நம் அன்பியக் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்ந்து செபமாலை சொல்லும் தாய்மாரின் வாழ்க்கை எதுவோ, அதுவே அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதி.

இந்தப் பெரும்பகுதியைத்தான் நாம் அவர் வரலாற்றைச் சொல்லும்போது விரைந்து கடந்துவிடுகிறோம். சபையை நிறுவியவர் என்ற சிறப்பு மனத்தில் நிற்கிறது. அதற்கு முன் கழிந்த இல்லற ஆண்டுகள் ஒரு முன்னுரை போல இரண்டு வரிகளில் முடிந்துவிடுகின்றன. அப்படிச் சொல்வது முறையா என்பதே நம் வினா.

ஞானம்மா பிறந்தது 1822ஆம் ஆண்டு. அப்பகுதியின் கத்தோலிக்க மரபு அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. புதுச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள், மதுரை மறைத்தளத்தின் முறைகளைப் பின்பற்றி, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெலுங்கு நாட்டுக்குள் சென்றனர். கர்நாடக மறைத்தளம் என்று அது வரலாற்றில் பெயர் பெற்றது. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது இந்தக் கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ ஆயரற்ற மந்தையாயினர். பல ஊர்களை ஒரே குரு சுற்றிவர வேண்டிய நிலையில், திருப்பலி என்பது எப்போதோ வாய்க்கும் பேறாக இருந்தது. அந்த இடைக்காலத்தில் நம்பிக்கையைக் காத்து நின்றது எது? ஆலயம் என்று சொல்ல முடியாது. இல்லமே என்று சொல்ல வேண்டும். மாலையில் விளக்கேற்றி மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்த தாயும் பாட்டியும் அங்கே குருவின் பணியில் ஒரு பகுதியைச் செய்தனர். குடும்பத்தைக் ‘குடும்பத் திருச்சபை’ என்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1964இல் வெளியிட்ட தன் கொள்கைத் திரட்டில் அழைத்தது. அப்பெயர் புதியது, அதன் பொருளைத் தெலுங்குக் கத்தோலிக்கப் பெண்கள் அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே வாழ்ந்து காட்டிவிட்டனர்.

அவருக்குப் பத்து வயது நிரம்பும் வேளையில் குண்டூர்ப் பகுதியைப் பெரும் பஞ்சம் தாக்கியது. 1832, 1833ஆம் ஆண்டுகளில் நேர்ந்த அதனை, நந்தன ஆண்டில் தொடங்கியதால், நந்தனப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் வைத்தனர். மாவட்டத்தின் ஐந்து லட்சம் மக்களில் ஒன்றரை லட்சம் முதல் இரண்டு லட்சம் பேர் வரை மாண்டனர் என்பது பழைய அரசாங்கக் கணக்கு. மூவரில் ஒருவர்! ஊர்கள் வெறிச்சோடின, வயிறு நிறைய வழியின்றிச் சென்னையை நோக்கிச் சாலைகளில் நடந்தவர்களில் பலர் வழியிலேயே வீழ்ந்தனர். கிருஷ்ணை ஆற்றுக்குக் குறுக்கே விசயவாடாவில் அணை எழும்பியது 1850களில்தான். அதற்கு முன் வானம் பொய்த்தால் வாழ்வும் பொய்த்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இதைக் கண்ட கண்களோடு வளர்ந்தாள் என்பதை மறந்துவிட்டு, பின்னாளில் அவர் காட்டிய உறுதியை நாம் புரிந்துகொள்ள முடியாது.

1837இல், அக்கால வழக்கப்படி, பதினைந்தாம் வயதில் திருமணம் நடந்தது. கணவர் பெயர் இன்னையா. தமிழில் நாம் இன்னாசி என்று சொல்லும் பெயரின் தெலுங்கு வடிவம் அது. இஞ்ஞாசியாரின் பெயர் இரு மொழிகளிலும் இவ்வாறு இனிமையாக உருமாறிற்று. (இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்ற பெயர்களை இன்று நம் பிள்ளைகளுக்கு இடுவோர் அருகிவிட்டனர். ஞானமுழுக்குப் பதிவேட்டில் நாம் எழுதும் புதுப் பெயர்களுள் சிலவற்றுக்குப் பொருள் கேட்டால் பெற்றோரே திகைக்கின்றனர். போகட்டும்.)

இன்னையா, ஞானம்மா இருவருக்கும் ஐந்து ஆண் மக்கள் பிறந்தனர். அவர்களுள் இருவர் குருக்களாயினர். இதைப் படித்தவுடன் ‘எத்துணைப் பேறு பெற்ற தாய்’ என்று வியந்து மேலே செல்வதுதான் நம் வழக்கம். சற்று நிற்போம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், உள்நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் குருத்துவ நிலைக்கு உயர்வது எளிதன்று. இலத்தீன் மொழியில் தேர்ச்சி வேண்டும்; ஊரைவிட்டுப் பல நாள் பயணத் தொலைவில் சென்று ஆண்டுக்கணக்கில் தங்க வேண்டும். குண்டூர்ப் பகுதி அன்று சென்னை மறைத்தளத்தைச் சேர்ந்தது. பிரங்கிபுரத்திலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். இருப்புப்பாதை இல்லை, ஓங்கோல், நெல்லூர் வழியாகச் செல்லும் பெருவழிச் சாலையும் மாட்டு வண்டியுமே கதி. நிலத்தில் உழைக்க வேண்டிய, முதுமையில் தாங்க வேண்டிய மகனைத் திருச்சபைக்குக் கொடுக்கும் வீட்டில் ஒரு கை குறைந்துவிடும். அப்படி ஒருவரை அல்ல, இருவரைக் கொடுத்தது அந்த வீடு.

இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இல்லறத்துக்குப் பின் இன்னையா இறந்தார். ஞானம்மா அப்போது நாற்பது வயதையும் எட்டவில்லை.

அக்காலத்தில் கைம்பெண் என்ற நிலை எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைம்பெண் மறுமணத்தை ஏற்கும் சட்டம் 1856இல் இயற்றப்பட்டும், சட்டம் ஊருக்குள் நுழையவில்லை. கிறிஸ்தவ வீடுகளிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. திருமுழுக்கு நீர் பழைய பழக்கங்களுள் பலவற்றைக் கழுவியதுண்டு. கைம்பெண்ணைக் கண்டு முகம் திருப்பும் பழக்கத்தை முழுவதும் கழுவியதென்று நாம் சொல்ல மாட்டோம். இன்றும் நம் புறநகர்ப் பங்குகளில் திருமண ஒப்பந்தம் நிகழும் இல்லத்தில், மணமகளின் சொந்த அத்தை, கணவரை இழந்தவர் என்ற ஒரே காரணத்தால் அடுக்களை வாயிலில் நின்று எட்டிப் பார்ப்பதைக் காண்கிறோம். அவரே மறுநாள் காலையில் மரியாயின் சேனையின் உறுப்பினராக மருத்துவமனைக்குச் சென்று நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்கிறவர். நோயாளிக்கு ஆசி வழங்கத் தகுதியுள்ள கை, தாலித் தட்டைத் தொடத் தகுதியற்றதாம்!

தொடக்கத் திருச்சபை இவ்வாறு எண்ணவில்லை. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பார்ப்போம். கைம்பெண்களைத் திருச்சபையின் தனிப் பட்டியலில் சேர்ப்பதற்கு அங்கே சில தகுதிகள் கூறப்படுகின்றன. வயது அறுபதுக்குக் குறையலாகாது. ஒரே கணவரோடு வாழ்ந்திருக்க வேண்டும். அதன்பின் வருபவையே நம் கவனத்துக்குரியவை: பிள்ளைகளை வளர்த்திருக்க வேண்டும், வழிப்போக்கருக்கு வீட்டில் இடமளித்திருக்க வேண்டும், இறைமக்களின் பாதங்களைக் கழுவியிருக்க வேண்டும், துன்புற்றோருக்குத் துணைநின்றிருக்க வேண்டும். இல்லறத்தில் அந்தப் பெண் செய்த அன்றாட வேலைகள் இங்கே திருப்பணிக்கான தகுதிகளாக எண்ணப்படுகின்றன. வீட்டில் செய்தது ஒன்று, திருச்சபையில் செய்யப்போவது வேறொன்று என்ற பிரிவினை இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பொலிக்கார்ப்பு, கைம்பெண்களை இறைவனின் பலிபீடத்துக்கு ஒப்பிட்டார். பலிபீடத்தை அமங்கலம் என்று எவராவது சொல்வாரா?

அதே அதிகாரம் இளம் கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்வதே நன்று என்றும் அறிவுரை கூறுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவரவர் வாழ்வின் அழைப்பு வேறு. ஞானம்மா மறுமணத்தை நாடவில்லை, ஒதுங்கியிருக்கவும் இல்லை.

1863ஆம் ஆண்டு, நாற்பத்தொரு வயதில், பிரங்கிபுரத்தில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவ்வூரில் பெண்களுக்கான முதல் பள்ளி அதுவே. சென்னை மறைத்தளத்தை அப்போது நடத்திவந்தவர் அயர்லாந்து நாட்டு ஆயர் யோவான் ஃபென்னெல்லி. அவருக்குப் பின் 1868இல் அவர் உடன்பிறந்தாரான ஸ்டீபன் ஃபென்னெல்லி பொறுப்பேற்றார். அந்த அயர்லாந்து ஆயர்களின் காலத்தில்தான், 1842இல், காணிக்கை அன்னை சபைக் கன்னியர் அயர்லாந்திலிருந்து கப்பலேறிச் சென்னைக்கு வந்தனர். நகரத்தில் பெண் கல்விக்கு அவர்கள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆனால் நகரத்து மதில்களுக்கு அப்பால், தெலுங்கு பேசும் உழவர் வீட்டுப் பெண் பிள்ளைக்கு எழுத்தறிவிக்க எவர் செல்வார்? கடல் கடந்து வந்த துறவியர்க்கு அங்கே செல்ல ஆளும் இல்லை, மொழியும் இல்லை. அந்த இடைவெளியில் வந்து நின்றவர் உள்ளூர்த் தாய் ஒருவர்.

பெண் கல்வியின் நிலையை அறிய ஓர் அளவுகோல் உண்டு. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்தியா முழுவதிலும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இது ஞானம்மா பள்ளி தொடங்கி நாற்பது ஆண்டுகள் கழிந்தபின் இருந்த நிலை. 1863இல் எப்படி இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். புனேயில் சாவித்திரிபாய் புலே 1848இல் பெண் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். கல்கத்தாவில் பெத்யூன் பள்ளி 1849இல் திறக்கப்பெற்றது. பெண் கல்விக்கு ஊக்கமளிக்க வேண்டும் என்று 1854இல் ஆங்கில அரசின் கல்வி அறிக்கையும் சொல்லியிருந்தது. ஆனால் அவை பெருநகரங்களின் செய்திகள். சிற்றூர்த் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகியவர்கள் ஆண் பிள்ளைகளே.

எழுத்தறிந்த பெண் விரைவில் தாலியிழப்பாள் என்ற அச்சம் அந்நாளில் நாட்டின் பல பகுதிகளில் வேரோடியிருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொண்டு பிரங்கிபுரத்துப் பள்ளியை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே பிள்ளைகளை வரவேற்று அமர வைத்தவரே ஒரு கைம்பெண்! தம் மகளை அவரிடம் அனுப்பிய ஒவ்வொரு தாயும் தகப்பனும், ஊரின் பழைய அச்சங்களை ஒருமுறையேனும் தாண்ட வேண்டியிருந்தது. அவர்கள் எதை நம்பி அனுப்பினர்? சான்றிதழ் எதுவும் அவரிடம் இல்லை. ஐரோப்பியக் கன்னியரின் வெண்ணிற அங்கி இல்லை. அரசின் ஆதரவைக் காட்டும் கட்டடம் இல்லை. ஐந்து மகன்களை எவ்வாறு வளர்த்தார் என்பதை ஊர் கண்டிருந்தது. அதுவே அவருடைய சான்றிதழ் என்பது நம் கருத்து. திமொத்தேயு திருமுகம் கேட்கும் முதல் தகுதியை ஊர்மக்களே சோதித்து அறிந்திருந்தனர்.

பள்ளி தொடங்கும் எண்ணம் அவருக்குத் திடீரென்று வானத்திலிருந்து இறங்கியதாக எண்ண நமக்குத் தோன்றவில்லை. மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, ஞானோபதேசம் கற்பித்து, பிள்ளைகளை உருவாக்கும் வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்து பழகிய கைகளும் நாவும் அவருடையவை. தம் பிள்ளைகள் வளர்ந்துவிட்டபின், அந்தப் பழக்கம் ஊரார் பிள்ளைகளை நோக்கித் திரும்பிற்று.

1870களின் தொடக்கத்தில் அவர் கீழச்சேரிக்கு வந்தார். திருவள்ளூர் மாவட்டத்தில், மப்பேடு ஊருக்கு அண்மையில் உள்ள கீழச்சேரி, கத்தோலிக்கச் சிற்றூர்களுள் புகழ்பெற்றது. தெலுங்கு நாட்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் குடிபெயர்ந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அமைத்த ஊர் அது. தமிழ் நிலத்தின் நடுவே தெலுங்கு பேசும் ஒரு திருச்சபை. எனவே அங்கே வந்த ஞானம்மா அன்னிய நாட்டுக்கு வந்தவர் போல உணர்ந்திருக்க மாட்டார். தமக்கு இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் புறப்பட்டுப்போன உறவினர் வீட்டுக்கு வந்தவர் போலவே உணர்ந்திருப்பார். சென்னையிலிருந்து ஆற்காட்டுப் பக்கம் செல்லும் இருப்புப்பாதை 1856லேயே திருவள்ளூர் வழியாகப் போடப்பட்டுவிட்டது. ஆயினும் அவ்வட்டாரத்துச் சிற்றூர்ப் பெண்களின் வாழ்வில் அந்த இரும்பு வண்டி ஒரு மாற்றத்தையும் கொண்டுவரவில்லை.

கீழச்சேரியிலும் பெண் பிள்ளைகளின் கல்வியே அவருடைய தொண்டாயிற்று. அவரோடு சேர்ந்து உழைக்க முன்வந்த பெண்களைக் கொண்டு புனித அன்னாளின் பெயரால் ஒரு சபை உருவாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், திருச்சியில் 1858இல் தோன்றிய மற்றொரு புனித அன்னாள் சபையும் கைம்பெண்களைக் கொண்டே தொடங்கியது என்பது நோக்கத்தக்கது. மணமாகாத கன்னியர்க்கே துறவறம் என்றிருந்த காலத்தில், கணவரை இழந்த பெண்களின் ஆற்றல் வீணாவதைக் கண்டு வழி தேடியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்திருக்கின்றனர்.

அன்னாளின் பெயர் எத்துணைப் பொருத்தம்! விவிலியத்தில் மரியாவின் தாயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு பழைய நூலிலிருந்தே சுவக்கின், அன்னாள் என்ற பெயர்களைத் திருச்சபை அறிந்தது. ஆனால் நடுக்கால ஐரோப்பாவின் ஓவியர்கள் அன்னாளை ஒரு வடிவத்தில் மிகவும் விரும்பித் தீட்டினர்: மடியில் நூலை விரித்து வைத்து, சிறுமி மரியாவுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் தாய். நம் ஊர்களில் உள்ள அன்னாள் சுருபங்கள் பலவற்றிலும் அந்த நூலைக் காணலாம். நாம்தான் அதைக் கவனிப்பதில்லை. மகளுக்கு எழுத்தறிவிக்கும் தாய் என்ற அந்தக் காட்சிக்கு, ஐந்து ஆண் மக்களைப் பெற்ற ஞானம்மா, பிறர் பெற்ற பெண் மக்களைக் கொண்டு உயிர் கொடுத்தார்.

உலகத் திருச்சபையில் இத்தகையோர் முன்னும் உண்டு. பிரான்சு நாட்டில் நான்கு பிள்ளைகளின் தாயாகிய புனித ஜேன் பிரான்சிஸ் தெ சாந்தால் கணவரை இழந்தபின் 1610இல் மினவுதல் சபையை நிறுவினார். அமெரிக்காவில் ஐந்து பிள்ளைகளின் தாயாகிய எலிசபெத் ஆன் சீட்டன் 1803இல் கணவரை இழந்தார். 1805இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். எம்மிட்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் ஏழைப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, அந்நாட்டின் முதல் துறவியர் சபையை உருவாக்கினார். 1975இல் அவர் புனிதராக அறிவிக்கப்பெற்றார். சீட்டன் அம்மையார் இறந்தது 1821. ஞானம்மா பிறந்தது 1822. ஒருவரைப் பற்றி மற்றவர் அறிய வழியே இல்லாத இரு நாடுகளில், இரு மொழிகளில், ஒரே விதமான வாழ்க்கை! ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. சீட்டன் நியூயார்க் நகரத்து வணிகக் குடும்பத்தில் நன்கு கற்றவராக வளர்ந்தவர். தம் கடிதங்களாலும் குறிப்புகளாலும் தம் உள்ளத்தை நமக்கு விட்டுச் சென்றவர். அவர் நினைவு நிலைத்ததற்கு அவர் எழுத்தும் ஒரு காரணம். நம் நாட்டுத் தாய்மாரின் நினைவோ பெரும்பாலும் வாய்மொழியிலும் பங்குப் பதிவேட்டின் ஓரிரு வரிகளிலும் தங்கியிருக்கிறது. அந்தப் பதிவேடுகளிலும் பெண் என்பவள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றுதான் குறிக்கப்படுகிறாள். நம் பழைய பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம் இந்த எண்ணம் நம்மை உறுத்துகிறது.

கீழச்சேரியில் அவருடைய உழைப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1874ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், ஞானம்மா இறைவனடி சேர்ந்தார். வயது ஐம்பத்திரண்டு. திருமுகம் கைம்பெண்களுக்குக் குறித்த அறுபது வயதைக்கூட அவர் எட்டவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியை 1876ஆம் ஆண்டின் பெரும் பஞ்சம் பிடித்தது. நந்தனப் பஞ்சத்தில் தொடங்கி, தாது ஆண்டுப் பஞ்சத்துக்குச் சற்று முன்பு முடிந்தது அவருடைய வாழ்நாள்.

அவர் மறைந்தபோது இருந்தது மிகச் சிறிய ஒரு குழு. அதற்குப் பெரிய கட்டடமோ செல்வமோ இல்லை. பிரங்கிபுரத்தில் இன்று வானளாவ நிற்கும் பேராலயம்கூட அவர் காலத்துக்குப் பிறகு எழுந்தது. ஆனால் அக்குழு அழியவில்லை. சென்னையிலும் ஆந்திர நாட்டிலும் தனித்தனிச் சபைகளாக வளர்ந்து, பள்ளிகளும் விடுதிகளும் மருந்தகங்களும் நடத்திவருகிறது. அச்சகோதரியரின் பள்ளியில் பயின்ற தாய்மார் நம் பங்குகளிலும் இருக்கின்றனர்.

2014இல் தொடங்கிய ஆய்வைப் பற்றிச் சில சொற்கள். இத்துணை ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவரை நேரில் கண்டவர் எவரும் இருக்க முடியாது. எனவே இத்தகைய ஆய்வில் வரலாற்று அறிஞர் குழு ஒன்று ஆவணங்களைத் திரட்டி ஆராய வேண்டும் என்பது 1983ஆம் ஆண்டின் விதி. ஆராயப்படுவது சபை நிறுவிய ஆண்டுகள் மட்டுமன்று, முழு வாழ்க்கையும்தான். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய புண்ணியங்களை அவர் சிறந்த முறையில் வாழ்ந்தாரா என்று திருச்சபை கேட்கும்போது, மனைவியாக வாழ்ந்த ஆண்டுகளையும் தாயாக வாழ்ந்த ஆண்டுகளையும் சேர்த்தே கேட்கிறது. இல்லறத்தாரைப் புனிதராகக் காணும் பார்வை அண்மையில் வலுப்பெற்றும் வருகிறது. குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் பெற்றோராகிய லூயி, செலி மார்த்தின் இருவரும் 2015இல் ஒரே நாளில் தம்பதியராகப் புனிதர் பட்டம் பெற்றனர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று, பின்னல் துணித் தொழிலையும் நடத்திய செலி அம்மையார் ஒரு சபையையும் நிறுவவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

அப்படியானால், ஞானம்மா 1863க்கு முன்பே இறந்திருந்தால் அவர் எவ்வகையில் குறைந்திருப்பார்? வரலாறு அவரை அறிந்திராது; அது உண்மை. பிரங்கிபுரத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் தேய்ந்த ஒரு கல்லாகக் கிடந்திருப்பார். ஆனால் பஞ்சத்துக்குத் தப்பிய சிறுமி, ஐந்து பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்த தாய், இரு மகன்களைத் தொலைதூரம் அனுப்பிவிட்டு வாயிலில் நின்றவர் என்ற நிலைகளில் அவர் இறைவனுக்குக் கொடுத்தது சிறிதென்று எவர் சொல்ல முடியும்? சிலர், இவ்வாறு பேசுவது துறவறத்தின் மாண்பைக் குறைப்பதாகும் என்று எண்ணலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. புனித அன்னாள் சபைச் சகோதரியரின் துறவறமே ஒரு தாயின் இல்லறத்திலிருந்து கிளைத்தது அல்லவா?

தாம்பரத்திலிருந்து கீழச்சேரி அதிகத் தொலைவில் இல்லை. ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து மப்பேடு சென்று அங்கிருந்து சேரலாம். போய்வர ஒரு நாள் தாராளமாகப் போதும். வேளாங்கண்ணிக்கும் வில்லியனூருக்கும் ஆண்டுதோறும் பேருந்து ஏற்பாடு செய்யும் நம் பங்குகளின் தாய்மார் குழுவினர், வரும் திசம்பர் 21ஆம் நாளை ஒட்டி ஒரு பேருந்தை இந்தப் பக்கம் திருப்பலாம். அப்பேருந்தில் முன்னிருக்கையைக் கைம்பெண்களுக்கு ஒதுக்குவது நன்று.